சாதாரணத் தபால்

பாகான் செராய்
11.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தேவிஸ்ரீ வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் தம்பியும் இங்கே சுகம். மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறதே, இப்போது தேவலையா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததும் சிரித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. என் வாட்சப்பில் விழுவதெல்லாம் உங்கள் தம்பியின் டேப்லட்டிலும் விழும். "போன் தொலைஞ்சா படமெல்லாம் போயிரும்லா, அதுக்குத்தான்" என்று கல்யாணமான மாதமே இணைத்து வைத்துவிட்டார். யாரைக் கூப்பிட்டேன், எத்தனை நிமிடம் பேசினேன் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பதிலை என் பெயருக்குப் பள்ளிக்கூட முகவரியில் போடுங்கள். அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி என் மேசையில் வைத்துவிடுவார்.

இனி விஷயம். நான் கேட்பது மருந்துக்கடை அக்காவிடம், நாத்தனாரிடம் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆளாகப் போனது என் தலையெழுத்து.

தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அக்டோபரில் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது தடவை விண்ணப்பித்துக் கிடைத்த இடம். ஏழு வருடமாகப் பாலர் வகுப்பில் உதவியாளராக மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வயது இருபத்தொன்பது ஆகிறது. உங்கள் தம்பி தீபனிடம் சொன்னேன். "போலாம், போலாம், யாரு வேணாம்னா" என்றார். அதே வாரம், நான் போட்டுவந்த மாத மாத்திரை அட்டை குப்பைக்கூடையில் தேயிலைச் சக்கைக்கு அடியில் கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன். அதுவும் அங்கேயே போனது. ஆணுறையும் வேண்டாம் என்கிறார். அவர் அடிக்கிறவரும் இல்லை, கத்துகிறவரும் இல்லை. சிரிக்கிறார். சிரிக்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

சம்பவம் நடந்த பிறகு போடுகிற மாத்திரை இருக்கிறதாமே. மூன்று நாள் மாத்திரை, ஐந்து நாள் மாத்திரை என்று இரண்டு விதம் என்கிறார்கள். எது நல்லது? உடம்பை என்ன செய்யும்? தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் செல்லாயியக்கா, கர்ப்பப்பை சுருங்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் பிள்ளை தங்காது என்கிறார். எனக்குப் பிள்ளை வேண்டாம் என்றில்லை அக்கா. இந்த வருடம் வேண்டாம், அவ்வளவுதான்.

நேரத்துக்குப் பசியாறுங்கள். கடையில் அதிக நேரம் நிற்காதீர்கள்.

தேவிஸ்ரீ


ஈப்போ
16.6.2025

அன்புத் தேவிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நான் நலம், முட்டிக்குத் தைலம் தேய்ப்பதோடு சரி. நீ மெலிந்திருக்கிறாய் என்று தம்பி சொன்னான். சத்தாகச் சாப்பிடு.

கடையில் நின்று கேட்கும் ஒருவருக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன்.

மூன்று நாள் மாத்திரை எங்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும். ஒரே மாத்திரைதான், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். மூன்று நாள் இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. முதல் நாளில் போட்டால் உள்ள பலன் மூன்றாம் நாளில் இருக்காது. எடை எழுபது கிலோவைத் தாண்டியவர்களுக்கும் பலன் குறையும். ஐந்து நாள் மாத்திரை நூற்றிருபது மணி நேரம்வரை வேலை செய்யும். கருமுட்டை வெளியேறும் நாள் நெருங்கிவிட்ட நிலையிலும் அதைத் தள்ளிப்போடும் சக்தி அதற்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் நாங்கள் அதை இருப்பு வைப்பதில்லை. டாக்டர் சீட்டு வேண்டும், எந்தக் கிளினிக்கில் இருக்கிறது என்று தேடவும் வேண்டும். இன்னொன்று, ஐந்து நாள் மாத்திரை போட்டால் மாத மாத்திரையை ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பத் தொடங்கலாம். மூன்று நாள் மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தொந்தரவுகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குமட்டல், தலைவலி, அசதி, மார்பில் வலி, அடிவயிற்றில் இழுப்பு. இடையில் கொஞ்சம் ரத்தம் படலாம். மாதவிலக்கு சில நாள் முன்னாலோ ஒரு வாரம் பின்னாலோ வரும். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் சிறுநீர்ச் சோதனை செய்துவிடு. மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டுமே சரியாக வேலை செய்யாது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இவை கலைக்காது. கர்ப்பப்பையும் சுருங்காது. செல்லாயியிடம் நான் சொன்னதாகவே சொல்.

இதையே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து நாளுக்குள் டாக்டர் கர்ப்பப்பைக்குள் வைத்துவிடும் செம்பு வளையம் எல்லாவற்றையும்விட உறுதியானது, பல வருடம் நிற்கும். யோசித்துப் பார். உன் எடை என்ன, வேறு மருந்து சாப்பிடுகிறாயா, எழுது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகியும் இரண்டு பேருக்கு அரிசி போடுகிற பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. தம்பி போன மாதம் வந்து பின் அறைக்குச் சாயம் அடித்துவிட்டுப் போனான். வாசம் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

தைரியமாக இரு.

தனேஸ்வரி


பாகான் செராய்
23.6.2025

அன்புள்ள அக்கா,

வணக்கம். தைலம் போதாது, ஒரு முட்டி டாக்டரையும் பாருங்கள். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவர் தன் காலை இழுத்துக்கொண்டு நடந்தால் கடைப் பெயர் என்னாவது?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக என் உடம்பைப் பற்றிப் பேசியதில்லை. அழுகை வந்துவிட்டது, என்ன என்று கேட்ட கிராணியிடம் தூசு என்றேன்.

எடை அறுபத்தொன்று. வேறு மருந்து எதுவுமில்லை. வளையம் வைத்துக்கொள்ள ஆசைதான். இங்கே கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸி தீபனின் கூட்டாளி பெண்டாட்டி. காலையில் நான் போனால் மத்தியானம் தோட்டத்துக்கே தெரிந்துவிடும். டவுன் மருந்துக்கடைக்காரர் தீபனோடு பூப்பந்து ஆடுகிறவர். அவர் கடைப் புத்தகத்தில் என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிவிட்டு, ஆட்டத்துக்கு நடுவில் அவரிடம் என்னத்தைச் சொல்வாரோ.

ஒரு கணக்கு இடிக்கிறது. மாத்திரைக்கு மூன்று நாள், நம் கடிதத்துக்கு நாலு நாள். தேவை வந்தபின் உங்களுக்கு எழுதினால் கல்யாணம் முடிந்தபின் பத்திரிகை கொடுத்த மாதிரி ஆகும். முன்கூட்டியே ஒரு மாத்திரை அனுப்பி வையுங்களேன். வீட்டில் வைக்கமாட்டேன், வகுப்பறை அலமாரியில் வண்ணத்தாளுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் கொமுட்டர் ரயில் பிடித்துத் தைப்பிங் போய் வாங்கிக்கொள்ளவும் தயார். அரை நாள் விடுப்பு எடுத்தால் போதும்.

ஆமாம், பின் அறைக்கு எதற்குச் சாயம்? மோட்டார் டயர் மாற்ற ஈப்போ போவதாகத்தான் என்னிடம் சொன்னார்.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

தேவிஸ்ரீ


ஈப்போ
30.6.2025

அன்புத் தேவி,

நான் சுகம். டாக்டரைப் பார்த்தேன், எடை குறை என்றார். அதைச் சொல்ல அவர் எதற்கு? உனக்கு அங்கே சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

முன்கூட்டி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் புழங்கும் அலமாரியில் மாத்திரை இருக்கக் கூடாது. ஆளிடம் நாளையும் நேரத்தையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், எங்கள் வேலை அப்படி. இப்படிச் செய்வோம். தேவை வந்தால் பள்ளி அலுவலகப் போனிலிருந்து எங்கள் கடைப் போனுக்குக் கூப்பிடு. பாலர் வகுப்புக்கு இருமல் மருந்து வேண்டும் என்று சொல். நான் புரிந்துகொள்வேன். அன்றைக்கே விரைவுத் தபாலில் போடுகிறேன், மறுநாள் உன் மேசைக்கு வந்துவிடும். நீ தைப்பிங்குக்கு அலைய வேண்டாம். ரயிலில் யாராவது பார்த்துத் தம்பியிடம் சொல்லப் போகிறார்கள்.

உன் பெயரில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் கடையில் கூட்டம். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாமல் வானொலியைத் திறந்து வைத்துக்கொள்கிறேன். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்கிறேன். சிரிக்காதே.

தனேஸ்வரி


ஈப்போ
14.7.2025, திங்கள்

அன்புத் தேவி,

நலமாக இரு. காலையில் நீ கூப்பிட்டாய். நேற்று மத்தியானம் ஒரு மணி என்றாய், ஆக இன்னும் ஒரு நாள் முழுதாகவும் ஆகவில்லை. இத்துடன் மாத்திரை இருக்கிறது. கையில் கிடைத்த உடனே தண்ணீரோடு போடு. குமட்டினால் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுப் படு. பயப்படாதே.

அவசரத்தில் எழுதுகிறேன்.

அக்கா


பாகான் செராய்
17.7.2025, வியாழன்

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் இருக்கிறேன்.

இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று தடவை அலுவலகத்துக்குப் போனேன். புதன் காலையிலும் போனேன். "டீச்சருக்கு லவ் லெட்டரா?" என்று கேட்டுச் சிரித்தார் கிராணி. உங்கள் கடைக்கும் கூப்பிட்டேன், நீங்கள் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். புதன் மத்தியானம் மணி ஒன்று அடித்தபோது பிள்ளைகள் வரிசையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு முடிந்தது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு குழாயை மூடினேன்.

இன்று வரும், நாளை வரும் என்று இருந்துவிட்டேன். செவ்வாயன்றே ரயிலேறியிருக்க வேண்டும். இனி ஐந்து நாள் மாத்திரைதான், அதற்கு டாக்டர் சீட்டுக் கேட்டு இந்த ஊர்க் கிளினிக்கில் எப்படிப் போய் நிற்பது? நீங்கள் அனுப்பிவிட்டீர்களே, அது வரும்போது நான் இல்லாமல் போனால் கிராணி பிரித்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

வீட்டில் தீபன் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார். நாலைந்து நாளாக அவர்தான் சமைக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தும் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் இருக்கிறேனே, இதைவிடத் தனியாக இருப்பது எவ்வளவோ மேல்.

தேவிஸ்ரீ


பாகான் செராய்
22.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

நேற்றுத் திங்கட்கிழமை உங்கள் உறை வந்து சேர்ந்தது, ஏழு நாள் கழித்து. பதினாலாம் தேதி போட்ட கடிதம் சிங்கப்பூர் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததோ என்னவோ. மாத்திரையைப் போடவில்லை. இனிப் போட்டுப் பிரயோசனமில்லை என்பதை உங்கள் முதல் கடிதத்தில்தான் படித்தேன்.

நீங்கள் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். அன்றைக்கே எழுதி அன்றைக்கே அனுப்பினீர்கள். தபால் தாமதித்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்காக இவ்வளவு செய்ய இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? என் அம்மாவிடம்கூட இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மாதவிலக்கு இருபத்தேழாம் தேதி வர வேண்டும். பார்ப்போம்.

முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தேவிஸ்ரீ


ஈப்போ
2.8.2025

தேவிக்கு,

நலம்தானே? உன் இரண்டு கடிதங்களும் வந்தன. உடனே எழுத முடியவில்லை. கடையில் சரக்குக் கணக்கு எடுத்தோம்.

இருபத்தேழாம் தேதி தாண்டிவிட்டது. வந்ததா? ஒரு வரி எழுது. தலைசுற்றல், மசக்கை மாதிரி ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்.

தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். உன்னிடம் சொல்லியிருப்பான்.

தனேஸ்வரி


பாகான் செராய்
8.8.2025

அக்காவுக்கு,

வணக்கம். வரவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் தள்ளிவிட்டது. வாந்தி இல்லை, சுற்றல் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது.

இந்த வாரம் வகுப்பில் 'கடிதம்' பாடம். பிள்ளைகளுக்குத் தபால்தலை காட்டலாம் என்று உங்கள் உறைகளை எடுத்துக் கத்தரித்தேன். மாத்திரை வந்த உறையில் ஒட்டியிருந்தது சாதாரணத் தபால்தலை. அதன்மேல் வட்ட முத்திரை, ஈப்போ, ஜூலை பதினாறு, பிற்பகல். கடிதத்துக்குள்ளே பதினாலு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பதினாறுதான். புதன்கிழமை பிற்பகல். மணி ஒன்று தாண்டிய பிறகு.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்களுடையது இருபத்துமூன்று நாள் ஓடியிருக்கிறது. ஆனால் நீங்கள் புளுகுகிறவர் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். மறந்துவிட்டேன் என்றும் சொல்லாதீர்கள். கடையில் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிக் கொடுக்கிற ஆள் நீங்கள். அனுப்புகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நானே தைப்பிங் போயிருப்பேன். உங்கள் வார்த்தையை நம்பி மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தம்பி செய்ததுகூட எனக்குத் தெரிந்தே செய்தது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஏன் அக்கா?

தேவிஸ்ரீ


ஈப்போ
11.8.2025

தேவி,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இது விரைவுத் தபாலில் வருகிறது.

முதலில் உன் காரியம். இத்துடன் சோதனைக் குச்சி இரண்டு வைத்திருக்கிறேன். நான்கு வாரம் ஆகிவிட்டதால் இப்போது சரியாகக் காட்டும். காலையில் முதல் சிறுநீரில் பார். என்ன காட்டினாலும் என்ன செய்வது என்று நீ மட்டும் முடிவு செய். டாக்டரிடம் துணைக்கு வா என்றால் வருகிறேன், வராதே என்றால் வரமாட்டேன்.

இனி நீ கேட்டது. பதினாலாம் தேதி நீ கூப்பிட்டதும் மாத்திரையை எடுத்தேன். கடிதம் எழுதி உறையை ஒட்டினேன். அதுவரை என் மனதில் வேறெதுவும் இல்லை. மத்தியானம் தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போது தம்பி கூப்பிட்டான். "அக்கா, பின் ரூமுக்குக் கட்டில் பாத்துட்டேன். பிள்ளைன்னு ஒண்ணு வந்துருச்சுன்னா அங்கயே வந்துருவோம்லா. நீங்க எதுக்குத் தனியா கெடக்கணும்?" என்றான். பின் அறைக்குச் சாயம் எதற்கு என்று நீ கேட்டாயே, இதற்குத்தான். உன்னிடம் அவன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதில் எழுதாமல் விட்டேன்.

உறையைக் கைப்பைக்குள் வைத்தேன். மாலையில் போடலாம் என்று நினைத்தேன். செவ்வாய் காலை போடலாம் என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டு மணியை மட்டும் எண்ணினேன். நாற்பத்தெட்டு, அறுபது. நீ புதன்கிழமை கூப்பிட்டபோது நான் சாப்பிடப் போகவில்லை. அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஒரு மணி ஆனபிறகு நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டேன். அப்போதும் ஐந்து நாள் மாத்திரைக்கு நேரமிருந்தது. இரண்டு கிளினிக்கைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். கார் எடுத்தால் உன் பள்ளிக்கு ஒன்றரை மணி நேரம். ஒன்றையும் செய்யவில்லை.

நான் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். நினைத்தேன். உன் படிப்பு கெட்டாலும் பரவாயில்லை, இந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்டால் போதும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறக்காமல் படுக்கப் போகிறேன் தேவி. அதற்காக உன் வயிற்றில் கை வைத்தேன். இருபது வருடம் இந்தத் தொழிலில் நின்றவள் செய்கிற காரியமா இது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை.

தனேஸ்வரி


ஈப்போ
7.9.2025

அன்புத் தேவி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் நான்கு வாரம் ஓடிவிட்டது. தம்பியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. நீ பதில் போடாதது நியாயம்தான்.

இரண்டு காரியம் செய்தேன். சொல்லிக்காட்ட எழுதவில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பின் அறையைப் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்யும் இரண்டு தாதிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். கட்டிலைத் திருப்பி அனுப்பினேன். பிறகு தம்பியை வரச்சொன்னேன். உன் கடிதங்களை அவனிடம் காட்டவில்லை. நான் செய்ததைச் சொன்னேன். என் தனிமையைச் சாக்காக வைத்துக்கொண்டு யார் தலையிலும் பிள்ளையைக் கட்டாதே, அவள் போனில் கட்டியிருக்கும் கயிற்றையும் அவிழ்த்துவிடு என்றேன்.

அவன் கோபப்பட்டான். "உங்களுக்காகத்தானேக்கா" என்றான். அவனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். எனக்காக என்று அவன் சொன்னபோது முதல்முறையாக அவனைக் கண்டு பயந்தேன். என்னைக் கண்டும்தான்.

அக்டோபர் வருகிறது. நீ போகிறாயா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

தனேஸ்வரி


தஞ்சோங் மாலிம்
26.10.2025

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. விடுதிச் சாப்பாடு சுமார், படிப்பு கஷ்டம், நான் சுகம். தீபாவளி அன்று அம்மா வீட்டில் இருந்தேன்.

உங்கள் விரைவுத் தபால் ஒரே நாளில் வந்துவிட்டது. ஒரே நாளில் வர முடியும் என்பதைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்தேன். அன்று காலையிலேயே எனக்கு மாதவிலக்கு வந்திருந்தது. குச்சிகளுக்கு வேலை இல்லை. பள்ளிக் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். தப்பித்தேன் என்ற சந்தோஷம் பாதி, என்னைக் காப்பாற்றியது ஒருவரும் இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்ற துக்கம் பாதி. பிறகு தைப்பிங் போய் வளையம் வைத்துக்கொண்டேன். தனியாகத்தான் போனேன்.

தீபன் டேப்லட்டிலிருந்து என் வாட்சப்பை எடுத்துவிட்டார். ரயில் நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். "போயிட்டு வாரேன்" என்றேன், தலையாட்டினார். வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அவர் சிரிப்பதில்லை. அது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருக்கிறது.

உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் ஒன்று நடந்தது. என் அறையில் மாதுமை என்று ஒரு பெண், கோலா கங்சார்க்காரி, பத்தொன்பது வயது. கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டேன், மெதுவாகச் சொன்னாள். செருப்பைப் போடு என்று சொல்லி முன்சாலை மருந்துக்கடைக்கு அழைத்துப் போனேன். கல்லாவில் ஒரு மலாய்க்காரப் பெண் நின்றார். எத்தனை மணி நேரமாயிற்று, எடை என்ன, வேறு மருந்து உண்டா, கடைசியாக எப்போது விலக்கானாய் என்று கேட்டார். புத்தகத்தில் பெயர் எழுதினார். மாத்திரையைக் கையில் கொடுத்து, காகிதக் குவளையில் தண்ணீரும் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதுமை அங்கேயே விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி நடந்து வரும்போது உங்களைத்தான் நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு மாதுமையிடமிருந்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, அதனால் கொடுத்துவிட்டார். உங்களுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது. அது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நானும் அந்தத் தோட்டத்து வீட்டில் பேச ஆளில்லாமல்தான் உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

முதலில் மாத்திரையைக் கொடுத்திருக்கலாம் அக்கா. கொடுத்துவிட்டு, என்னோடு வந்து இரு தேவி என்று கேட்டிருக்கலாம். நான் வந்திருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவிஸ்ரீ